பித்துக்கு ஒரு கால அட்டவணை

(கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஆற்றிய பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



போர்ப்படங்கள் மனிதனின் பித்தையும் அச்சத்தையும் எப்படிக் காட்டுகின்றன என்று பேச அழைத்திருக்கிறார்கள். இந்தப் பேச்சைப் பிரிக்பீல்ட்ஸில் பேசுகிறேன் என்பதால் ஹாலிவுட்டிலிருந்து தொடங்க எனக்கு மனமில்லை. ஜப்பான்காரன் காலத்தில் மலாயாவில் நடந்த இலவசப் படக்காட்சியிலிருந்து தொடங்குகிறேன். இன்றைக்குச் சும்மா படம் காட்டுகிறோம், எல்லாரும் வாருங்கள் என்று அறிவிப்பார்கள். பஞ்ச காலம். பொழுதுபோக்கு என்று எதுவும் இல்லாத காலம். சனங்கள் வந்தார்கள். கொட்டகை நிறைந்ததும் கதவுகளைப் பூட்டினார்கள். உள்ளே இருந்த திடகாத்திரமான ஆண்களைப் பிடித்து ரயிலடிக்குக் கொண்டுபோய் சயாமுக்கு, இன்றைய தாய்லாந்துக்கு, ஏற்றிவிட்டார்கள். அந்தக் காலத்தைப் பற்றி எழுதியவர்கள் இதைப் பதிந்திருக்கிறார்கள். தோட்டத்துப் பெரியவர்கள் வாயாலும் கேட்டிருக்கிறோம்.

நான் பார்த்த போர்ப்படம் எதிலும் இந்தக் காட்சி இல்லை. திரையைப் பார்க்க வந்தவனைத் திரையரங்கே விழுங்கிய இந்தக் கதையைச் சினிமா இதுவரை சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பதுதான் இன்றைக்கு என் பேச்சு.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இரண்டு வரியோடு தாண்டிப் போகிற பாடம் இது. 1941 டிசம்பர் 8 அன்று ஜப்பானியப் படை கோத்தா பாருவில் கரையிறங்கியது. 1942 ஜனவரி 11 அன்று கோலாலம்பூர் விழுந்தது. பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர். அடுத்து பர்மாவையும் பிடித்தார்கள். பர்மாவில் இருக்கும் படைக்குச் சாமான் போக வேண்டும், கடல்வழியில் நேச நாட்டு நீர்மூழ்கிகள் காத்திருந்தன. அதனால் சயாமின் நோங் பிளாடுக்கிலிருந்து பர்மாவின் தான்பியூசாயாட் வரை, மூன்று பகோடா கணவாய் வழியாக, 415 கிலோமீட்டருக்கு ஒரு ரயில்பாதை. வெள்ளைக்காரன் முன்பே பார்த்துவிட்டு, முடியாது என்று கைவிட்ட வழி. காடு, மலை, மலேரியா, அரை வருடம் ஓயாத மழை. ஐந்து வருடத்து வேலை என்று மதிப்புப் போட்டதை 16 மாதங்களில் முடித்தார்கள். 1943 அக்டோபர் 17 அன்று இரண்டு முனைகளும் கொன்கொய்டாவில் சேர்ந்தன.

தண்டவாளத்துக்கு எங்கே போனார்கள்? இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பலர் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவர்கள், உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நம் கிழக்குக்கரைப் பாதையின் தண்டவாளங்களைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். அதோடு மண் வெட்டவும் கட்டை அடுக்கவும் நம் தோட்டங்களிலிருந்து ஆட்களைக் கொண்டுபோனார்கள். நேச நாட்டுப் போர்க்கைதிகள் 60 ஆயிரத்துக்கும் மேல், அவர்களில் இறந்தவர்கள் 12 ஆயிரத்துக்கும் மேல். ஆசியத் தொழிலாளர்கள் குறைந்தது 1 லட்சத்து 80 ஆயிரம். அவர்களில் ஏறத்தாழ 90 ஆயிரம் பேர் இறந்தார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. இன்னும் கூட்டிச் சொல்பவர்களும் உண்டு. மலாயாவிலிருந்து மட்டும் 70 ஆயிரம் பேருக்கு மேல் போனார்கள். அதில் பெரும்பகுதி தமிழர்கள்.

இப்போது படத்துக்கு வருவோம். 1957-இல் டேவிட் லீன் எடுத்த ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்’. ஏழு ஆஸ்கர் வாங்கிய படம். சிறைப்பட்ட பிரிட்டிஷ் கர்னல் நிக்கல்சனாக அலெக் கின்னஸ், முகாம் அதிகாரி சைட்டோவாக செசூ ஹயகாவா. அதிகாரிகள் கையால் வேலை செய்யமாட்டார்கள், அது போர்ச் சட்டத்துக்கு விரோதம் என்று நிக்கல்சன் மறுக்கிறார். வெயிலில் கொதிக்கும் தகரப் பெட்டிக்குள் அவரை அடைத்துப் போடுகிறார்கள். அவர் அசையவில்லை. கடைசியில் சைட்டோதான் இறங்கி வருகிறார். பாலம் குறித்த நாளில் முடியாவிட்டால் சைட்டோ தன்னைத்தானே மாய்த்துக்கொள்ள வேண்டும். விட்டுக்கொடுத்த பிறகு தனியே கட்டிலில் விழுந்து அழுகிறாரே, அந்தக் காட்சியைக் கவனியுங்கள். அவ்வளவு நேரம் சவுக்கும் வாளுமாக நின்ற மனிதனுக்குள் இருந்தது முழுக்கப் பயம்.

அதற்குப் பிறகுதான் உண்மையான பித்து தொடங்குகிறது. வென்ற நிக்கல்சன் என்ன செய்கிறார்? ஜப்பானியன் கட்டிய பாலம் சரியில்லை, இடம் தப்பு, வேலை ஒழுங்கில்லை, நாம் ஒழுங்காகக் கட்டிக் காட்டுவோம் என்கிறார். எதிரிக்கு. போர் நடக்கும்போது. நாள் நெருங்குகிறது, ஆள் போதவில்லை. அவர் ஆஸ்பத்திரிக் கொட்டகைக்குப் போகிறார். டாக்டர் கிளிப்டன் தடுக்கிறார். நிக்கல்சன் யாரையும் அதட்டவில்லை, அடிக்கவில்லை. படுத்திருக்கும் நோயாளிகளிடம், கொஞ்சம் வெளிக்காற்றில் லேசான வேலை செய்தால் நல்லதுதானே என்று ஒரு தகப்பன் பேசுகிற மாதிரிப் பேசுகிறார். அவர்கள் எழுந்து நொண்டிக்கொண்டு வரிசையில் போகிறார்கள். போர்ப்படங்களில் மனிதப் பித்தைக் காட்டிய காட்சிகளில் இதற்கு மேலானது என்று நான் ஒன்றைச் சொல்லமாட்டேன். கண் சிவக்கவில்லை, வாயில் நுரை தள்ளவில்லை. துவைத்த சட்டை, நேரான நடை, மென்மையான குரல். கடமையைச் சரியாகச் செய்கிறோம் என்கிற நிம்மதி முகத்தில் தெரிகிறது.

கடைசியில் பாலம் வெடிக்கிறது. மேட்டிலிருந்து பார்த்த கிளிப்டன் பைத்தியம் பைத்தியம் என்று கத்துகிறார். படம் முடிகிறது.

நான் இந்தப் படத்தைப் பலமுறை பார்த்தவன். லீனின் கைத்திறனில் எனக்குக் குறையே இல்லை. ஆனால் அந்தப் பாலத்தில் ஒரு தமிழன் இல்லை. ஒரு மலாய்க்காரன் இல்லை, ஒரு ஜாவாக்காரன் இல்லை, ஒரு பர்மாக்காரன் இல்லை. அந்தப் பாதையில் வேலை செய்த நான்கு பேரில் மூன்று பேர் ஆசியர்கள். படமெடுத்த இடம் எது தெரியுமா? இலங்கை. கித்துல்கல என்ற ஊரில், களனி ஆற்றின் குறுக்கே செட்டு போட்டுக் கட்டி வெடித்தார்கள். தேயிலைத் தோட்டத் தமிழர்கள் கூப்பிடு தூரத்தில் இருக்க, தோட்டத் தமிழனே இல்லாத கதை அங்கே படமானது.

இன்னும் ஒன்று. மூலநாவலை 1952-இல் பிரெஞ்சில் எழுதியவர் பியேர் பூல். பின்னால் குரங்குகளின் கிரகம் கதையை எழுதினாரே, அதே ஆள். அவர் 1936-இல் மலாயாவுக்கு வந்து ரப்பர் தோட்டத்தில் இன்ஜினியராக வேலை பார்த்தவர். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் நிற்கும் தமிழர்களைப் பார்த்தவர். மலாயாத் தோட்ட வாழ்க்கையை வைத்துத் தனியாகவே ஒரு நாவலும் எழுதியவர். இந்த ரயில்பாதைக் கதையை எழுதும்போது அவர் மனத்தில் வந்து நின்றது வெள்ளை அதிகாரியின் கௌரவம்தான். கெட்ட எண்ணம் என்று நான் சொல்லவில்லை. பக்கத்தில் இருப்பவன் கண்ணில் படாமலே போவது எவ்வளவு எளிது என்பதற்காகச் சொல்கிறேன்.

நிக்கல்சன் இடத்தில் உண்மையில் இருந்தவர் கர்னல் பிலிப் டூசி. அவர் பித்தரும் இல்லை, எதிரிக்கு உதவியவரும் இல்லை. கறையான்களைப் பிடித்துவந்து பாலத்துக் கட்டைகளில் விடுகிற அளவுக்கு அவருடைய ஆட்கள் வேலையைக் கெடுத்தார்கள். படம் வந்தபோது உயிரோடு திரும்பிய சிப்பாய்கள் மனம் புண்பட்டதற்கு அதுதான் காரணம். சினிமாவுக்கு ஒரு பித்தன் தேவைப்பட்டான், ஒரு முகம் தேவைப்பட்டது. அதனால் ஒரு நல்ல மனிதரின் நாற்காலியில் நிக்கல்சனை உட்கார வைத்தார்கள்.

என் வழக்கு இங்கேதான் தொடங்குகிறது. போர்ப்படங்கள் பித்தைத் தேடும்போது ஒரு ஆளைத் தேடுகின்றன. வியட்நாம் போரைப் பற்றிய ‘அப்பாகலிப்ஸ் நவ்’ படத்தில் குண்டுமழைக்கு நடுவே அலைச்சறுக்கு விளையாட இடம் பார்க்கும் கில்கோர். காட்டுக்குள் தெய்வமாகிவிட்ட கர்ட்ஸ். எல்லாரும் ஒரு மனிதர், ஒரு முகம். நம்மவர்கள் சயாமில் சந்தித்த பித்துக்கு முகம் கிடையாது. அது ஒரு தேதி. இந்தத் தேதிக்குள் பாதை முடிய வேண்டும். இத்தனை கன மீட்டர் மண் இன்றைக்கு வெட்ட வேண்டும். அதற்கு இத்தனை தலை வேண்டும். 1943 தொடக்கத்தில் வேகம் வேகம் என்று விரட்டத் தொடங்கினார்கள். அந்த விரட்டலுக்கு நடுவே மழை இறங்கியது, வாந்திபேதி வந்தது. பாய் போட இடமில்லாத கொட்டகைகளில் ஒருவர் மேல் ஒருவராகச் செத்தார்கள். தேதி மாறவில்லை. செத்தவன் இடத்துக்கு மலாயாவிலிருந்து அடுத்த ரயில் வந்தது.

போர்க்கைதிகளும் செத்தார்கள், கொடுமையாகச் செத்தார்கள். அவர்கள் துன்பத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் அவர்களிடம் ஒரு படை ஒழுங்கு இருந்தது. டாக்டர்கள் இருந்தார்கள், தண்ணீரைக் காய்ச்சிக் குடி என்று கட்டளையிட அதிகாரி இருந்தார், கக்கூஸ் குழி எங்கே வெட்டுவது என்று தெரிந்தவர்கள் இருந்தார்கள். தோட்டத்து மனிதனுக்கு அது எதுவும் இல்லை. சிலர் பெண்டாட்டி பிள்ளைகளோடு போயிருந்தார்கள். 1943 நடுவில் சிங்கப்பூர் சாங்கி முகாமிலிருந்து ‘கே ஃபோர்ஸ்’, ‘எல் ஃபோர்ஸ்’ என்று கைதிகளில் இருந்த மருத்துவர்களைப் பிரித்து ஆசியத் தொழிலாளர் முகாம்களுக்கு அனுப்பினார்கள். கையில் மருந்தில்லாத டாக்டர்கள் என்ன செய்ய முடியும்? மலாயாவில் டாக்டராக இருந்து கைதியாகிப் போன ராபர்ட் ஹார்டி ஒளித்து வைத்து எழுதிய நாட்குறிப்பு பின்னால் புத்தகமாக வந்திருக்கிறது. அவரைப் போல எழுதிவைக்கத் தோட்டத்தவனிடம் தாளும் இல்லை, எழுத்தும் இல்லை.

பயம் அந்தக் காட்டில் எப்படி வேலை செய்தது என்று பாருங்கள். தோக்கியோவுக்குப் பயந்தான் ஜப்பானிய இன்ஜினியர். இன்ஜினியருக்குப் பயந்தான் கொரியாவிலிருந்து கொண்டுவந்த காவற்காரன். அவன் அடித்தான் கைதியை, கூலியை. ஒவ்வொருவனும் மேலேயிருந்து வாங்கிய பயத்தைக் கீழே இறக்கிவைத்தான். சைட்டோ அழுவதைக் காட்டியதன் மூலம் லீன் இந்த ஏணியின் ஒரு படியைக் காட்டிவிட்டார். அதற்காக அவருக்கு நன்றி. அடிப்படியில் நின்றவனை அவர் காட்டவில்லை.

அடிப்படிக்கு ஒரு படி மேலே நின்றவரைப் பற்றியும் பேசியாக வேண்டும். கொஞ்சம் வலிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். துரைமார் ஓடிப்போனார்கள், அல்லது சிறையில் இருந்தார்கள். தோட்டத்தில் மிஞ்சியவர் கணக்கெழுதும் கிராணியும் ஆட்களை மேய்க்கும் கங்காணியும்தான். உன் தோட்டத்திலிருந்து இத்தனை ஆள் வேண்டும் என்று உத்தரவு வருகிறது. முதலில் ஆசை காட்டினார்கள். நாளுக்கு ஒரு வெள்ளி, மூன்று மாதம், அரிசி, துணி. சிலர் அதை நம்பியே போனார்கள். போனவர்கள் திரும்பவில்லை என்றதும் யாரும் போகத் தயாராக இல்லை. அப்புறம் பட்டியல். பட்டியலில் பெயர் எழுத ஒருவர் வேண்டுமே? எழுதாவிட்டால் தன் பெயரே அதில் ஏறிவிடும் என்ற பயத்தில் எழுதியவர்கள் உண்டு. பழைய பகையைத் தீர்த்துக்கொண்டவர்களும் உண்டு. ஆள் ஓடிவிட்டான் என்று பொய் சொல்லி ரப்பர் காட்டில் ஒளித்துவைத்துக் காப்பாற்றியவர்களும் உண்டு. அந்த மூன்று பேரும் ஒரே மனிதராக இருந்திருக்கலாம். நேற்று காப்பாற்றியவரே இன்றைக்கு எழுதியிருக்கலாம்.

இந்த மனிதரைச் சினிமா காட்டியதே இல்லையா என்று தேடிப் பார்த்தேன். ஒரு படத்தில் காட்டியிருக்கிறது, அதுவும் ஒரு ஜப்பானியர் எடுத்த படத்தில். மசாகி கோபயாஷி 1959 முதல் 1961 வரை மூன்று பாகங்களாக எடுத்த ‘தி ஹியூமன் கண்டிஷன்’. மொத்தம் ஒன்பது மணி நேரத்துக்கு மேல். தட்சுயா நகடாய் நடித்த காஜி என்ற இளைஞன், போருக்குப் போகாமல் தப்பிக்க மஞ்சூரியாவில் ஒரு சுரங்கத்தில் தொழிலாளர் மேற்பார்வை வேலையை ஏற்றுக்கொள்கிறான். நல்லவன். மனிதர்களை மனிதர்களாக நடத்த வேண்டும் என்று அறிக்கை எழுதியவன். அவனிடம் சீனக் கைதிகளை மின்கம்பி வேலிக்குள் அடைத்து ஒப்படைக்கிறார்கள். அவர்களை ஏற்றிவந்த சரக்கு வண்டிக் கதவு திறந்ததும் எலும்புக்கூடுகள் சரிந்து விழுந்து சாப்பாட்டு மூட்டை இருக்கும் வண்டியை நோக்கி ஓடுகிற காட்சி ஒன்று உண்டு. காஜி அவர்களுக்காகச் சண்டை போடுகிறான். சண்டை போட்டுக்கொண்டே வேலியின் சாவியையும் வைத்திருக்கிறான். கைதிகளை வாளால் வெட்டும்போது அவனும் அங்கே நிற்கிறான். கடைசியில் குறுக்கே பாய்ந்து நிறுத்துகிறான், அதற்குள் சிலர் போய்விட்டார்கள்.

சொந்த நாட்டுப் படை செய்ததை ஒரு ஜப்பானியக் கலைஞர் தோற்றுப் பதினாலே ஆண்டுகளில் இவ்வளவு நெஞ்சுரத்தோடு எடுத்துவிட்டார். நாம் நம் கிராணியின் கதையை 80 ஆண்டு கழிந்தும் எடுக்கவில்லை. நம் ஆளைப் பற்றித் தப்பாகச் சொல்லக்கூடாது என்ற கூச்சம் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். அந்தக் கூச்சத்தை விட வேண்டும். எந்த நல்ல மனிதனையும் பட்டியல் எழுத வைத்துவிடும் என்பதுதான் போரின் பித்து. அதை மறைத்துவிட்டு ஜப்பான்காரன் மீசையை முறுக்குகிற வில்லன் படம் எடுத்தால் செத்தவர்களுக்கு அதில் நியாயம் கிடைக்காது.

அச்சத்துக்கு முகம் கொடுத்த படம் என்றால் எனக்கு எலெம் கிளிமோவின் ‘கம் அண்ட் ஸீ’தான். 1985-இல் வந்தது. கதை நடப்பது 1943-இல், பெலாரூஸில். சயாமில் நம்மவர்கள் மண் வெட்டிக்கொண்டிருந்த அதே ஆண்டு. ஃபிளியோரா என்ற சிறுவன் ஒரு துப்பாக்கியைத் தோண்டியெடுத்துக்கொண்டு சிரித்துக்கொண்டே போருக்குப் போகிறான். கிராமத்துச் சனங்களைக் கொட்டகைக்குள் அடைத்துக் கொளுத்துவதைப் பார்க்கிறான். படம் முடியும்போது அவன் முகம் கிழவன் முகம். சுருக்கம் விழுந்து, கண் நிலைகுத்தி. அந்தப் படத்தில் சண்டை என்று சொல்லும்படி அதிகம் இல்லை. பார்த்தவனுடைய முகம்தான் படம். பயத்தைக் காட்டப் பீரங்கி தேவையில்லை என்று கற்றுக்கொடுத்த படம் அது. நம்மிடம் பணமில்லை, போர்ப்படம் எடுக்க முடியாது என்று சொல்லும் இளம் இயக்குநர்களுக்கு இதை முதலில் போட்டுக் காட்டுவேன்.

போர் முடிந்த பிறகு பயம் எங்கே போகிறது? வீட்டுக்குள் வருகிறது. ‘தி ரயில்வே மேன்’, 2013-இல் வந்த படம், காலின் ஃபர்த் நடித்தது. எரிக் லோமாக்ஸ் என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரியின் உண்மைக் கதை. ரகசிய ரேடியோ வைத்திருந்ததற்காகக் சயாமின் காஞ்சனபுரியில் சித்திரவதைப்பட்டவர், பல பத்தாண்டுகள் அந்த நினைவோடு வாழ்ந்தவர், கடைசியில் தன்னை விசாரித்த மொழிபெயர்ப்பாளர் நகாசே தகாஷியை நேரில் சந்தித்தவர். அந்தப் படத்தில் எனக்குப் பிடித்தது முதல் பாதி. ஒரு வீடு, ஒரு மனைவி, ராத்திரியில் அலறுகிற புருஷன், பேசமாட்டேன் என்கிற வாய். சித்திரவதைக் காட்சிகளைவிட அது உண்மையாக இருந்தது.

லோமாக்ஸ் கடைசியில் புத்தகம் எழுதினார். கிள்ளான், கோலசிலாங்கூர் பக்கத்துத் தோட்டங்களுக்குத் திரும்பிவந்த நம்மவர்கள் எழுதவில்லை. கால் புண்ணோடு வந்து மறுநாள் பெரட்டில் நின்றார்கள். எங்கள் குடும்பத்தில் பாட்டியின் தம்பி சயாமுக்குப் போனவர். திரும்பவில்லை. எந்த நாள் என்று தெரியாததால் அவருக்குத் திதி கிடையாது. தை அமாவாசைக்குப் படைக்கும்போது பாட்டி ஓர் இலை கூடப் போடுவார், யாருக்கு என்று சொல்லமாட்டார். அந்த இலையில் சோறு மட்டும் மற்ற இலைகளைவிட இரண்டு மடங்கு இருக்கும். பசித்துச் செத்தவனுக்குப் படைக்கிறார் என்று எங்களுக்குப் புரிவதற்கு அவரே போய்ச் சேர வேண்டியிருந்தது.

உடல் கிடைக்காத இந்தத் துக்கத்தைக் காட்டிய படம் ஒன்று உண்டு. பிரசன்ன விதானகேயின் ‘புரஹந்த களுவர’ என்ற சிங்களப் படம் 1997-இல் வந்தது. கண் தெரியாத ஒரு தகப்பன். மகன் இலங்கை உள்நாட்டுப் போரில் இறந்துவிட்டான் என்று ராணுவம் சீல் வைத்த பெட்டியைக் கொடுக்கிறது. அவர் நம்பவில்லை. பணம் வரும், கையெழுத்துப் போடு என்கிறார்கள். போடமாட்டேன் என்கிறார். கடைசியில் பெட்டியைத் திறந்தால் அதில் மகன் இல்லை. இலங்கை அரசு இந்தப் படத்தைத் தடுத்து வைத்தது, உச்ச நீதிமன்றம் வரை போய்த்தான் படம் வெளியே வந்தது. அதில் ஒரு துப்பாக்கி கூட வெடிக்காது என்றாலும் இதைவிடக் கூர்மையான போர்ப்படத்தை இந்தப் பக்கத்து நாடுகளில் நான் பார்க்கவில்லை. எங்கள் பாட்டிக்குக் கிடைக்காத பெட்டியை நினைத்துக்கொண்டே பார்த்தேன்.

ஷோபாசக்தி நடித்து 2015-இல் கான் விழாவில் தங்கப்பனை வென்ற ‘தீபன்’ படத்தையும் இங்கே பலர் பார்த்திருப்பீர்கள். அதன் முடிவு எனக்கு ஒப்பவில்லை, அதைத் தனியாகப் பேசலாம். ஆனால் பாரிஸ் புறநகர்க் குடியிருப்பில் தரையில் கோடு கிழித்து இந்தப் பக்கம் சுடக்கூடாது என்று ஈழப் போரிலிருந்து தப்பி வந்த அந்த மனிதன் சொல்லும்போது, வன்னியில் அரசு அறிவித்து அரசே குண்டு போட்ட பாதுகாப்பு வலயங்கள் கண்முன் வருகின்றன. ஊர் மாறினாலும் மூளை இன்னும் அங்கேயே இருக்கிறது. பித்து என்று மருத்துவர் இதற்குப் பெயர் வைக்கலாம். அவனைப் பொறுத்தவரை அது அவன் கற்றுக்கொண்ட ஒரே நிலவியல்.

சயாமைப் பொறுத்தவரை நம் எழுத்தாளர்கள் சும்மா இருக்கவில்லை. ஆர். சண்முகம் ‘சயாம் மரண ரயில்’ நாவலைத் தந்தார். அ. ரெங்கசாமி ‘நினைவுச்சின்னம்’ எழுதினார். கிள்ளானைச் சேர்ந்த சீ. அருண் சயாம் பர்மா பாதை பற்றித் தேடித் தொகுத்து வரலாற்று நூலாக்கினார். நாடோடிகள் குழுவினர் உயிரோடிருந்த முதியவர்களைத் தேடிப்போய் ஓர் ஆவணப்படம் எடுத்தார்கள். பெரிய திரையரங்குகளின் கதவைத் தட்டி வந்த படம் இல்லை அது. ஆனால் அந்த முதியவர்கள் கேமராவைப் பார்த்துப் பேசுகிற நேரத்தை ஏழு ஆஸ்கர் படத்துக்கும் நான் மாற்றிக்கொள்ளமாட்டேன்.

காஞ்சனபுரிக்குச் சுற்றுலா போனவர்கள் இங்கே கை தூக்கினால் பாதி அரங்கு தூக்கும். போர்க்கைதிகள் கல்லறையைப் பார்த்திருப்பீர்கள். புல்வெளி, பெயர் பொறித்த கல், வயது, படைப்பிரிவு. கிட்டத்தட்ட 7 ஆயிரம் கல்லறைகள். பாலத்தில் நின்று போட்டோ எடுத்திருப்பீர்கள். அந்த ஆற்றுக்கு அப்போது அந்தப் பெயரே கிடையாது. படம் பார்த்துவிட்டு வந்த சுற்றுலாப் பயணிகள் குவாய் எங்கே என்று கேட்டுக் கேட்டு, 1960-களில் மேக்லாங் ஆற்றின் அந்தப் பகுதிக்கே பெயரை மாற்றினார்கள். ஒரு சினிமாவுக்காக ஆறு பெயர் மாறியது. நம் ஆட்கள் எங்கே என்று கேட்டால், வாட் தாவர்ன் கோயில் வளாகத்தில் ஒரு நினைவிடம் இருக்கிறது. அங்கே அண்மையில் தமிழர்களுக்கு ஒரு நடுகல்லும் வைத்திருக்கிறார்கள். அடுத்த முறை போகிறவர்கள் தயவுசெய்து அங்கேயும் போங்கள், வேனை நிறுத்தச் சொல்லுங்கள்.

போர் முடிந்த பிறகு, 1946-இல், பிரிட்டிஷ்காரர்கள் பாதையின் சயாம் பகுதியைச் சயாம் அரசுக்கே 12 லட்சத்து 50 ஆயிரம் பவுண்டுக்கு விற்றார்கள். அந்தப் பணம், பாதை போடுவதற்காக ஜப்பானியர்கள் பக்கத்து நாடுகளிலிருந்து எடுத்துக்கொண்டுபோன சாமான்களுக்கு ஈடாகக் கொடுக்கப்பட்டது. தண்டவாளத்துக்கு நஷ்டஈடு. அந்தப் பாதை திறந்தபோது ஓடிய இன்ஜின் ஒன்று, சி-56 வகை, 31 என்ற எண், இன்றைக்கும் தோக்கியோவில் யாசுகுனி போர் நினைவாலய வளாகத்து அருங்காட்சியகத்தில் பளபளவென்று நிற்கிறது. இரும்புக்கு எல்லாரும் கணக்கு வைத்திருக்கிறார்கள்.

கேள்வி நேரத்தில், சரி, நீங்கள் எடுத்தால் எப்படி எடுப்பீர்கள் என்று யாராவது கேட்பீர்கள், அதற்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். கதாநாயகன் வேண்டாம். ஜப்பானியனை ஒரே அடியில் வீழ்த்துகிற சண்டைக்காட்சி வேண்டாம். பட்டியலில் தொடங்குங்கள். ஒரு தோட்டம், ஒரு கிராணி, ஒரு பென்சில், முப்பது பெயர் கேட்கிற ஒரு தாள். லயத்தில் ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு நாய் குரைத்தால் கட்டிலுக்கடியில் போகிற ஆண்கள். மரவள்ளிக்கிழங்கு நட்டுப் பிள்ளைகளைக் காப்பாற்றிய பெண்கள். சயாமுக்குப் போவதைவிட நேதாஜி படையில் சேர்ந்து சாவது மேல் என்று 1943-இல் கிளம்பிய பையன்கள். முகாமில் தோட்டத்து வழக்கத்தில் தமிழ் பேசித் தன்னைப் பெயர் சொல்லி அழைக்கும் ஒரு வெள்ளைக் கைதியைப் பார்த்துத் திகைக்கும் கூலி. முன்பு அவன் துரையாக இருந்தவன், இப்போது கோவணத்தோடு நிற்கிறான். இப்படிப் பல பேர் சந்தித்திருக்கிறார்கள். இந்த ஒரு சந்திப்பில் இருக்கும் அச்சமும் வேடிக்கையும் இரக்கமும் ஒரு முழுப்படத்துக்குப் போதும்.

ஒரு வேலை மட்டும் தள்ளிப்போட முடியாதது. அந்தக் காலத்தில் பத்து வயது என்றாலும் இன்றைக்குத் தொண்ணூறைத் தாண்டியிருப்பார்கள். உங்கள் வீட்டில், பக்கத்து வீட்டில், கிள்ளானில் ஒரு மூத்தோர் இல்லத்தில் அப்படி யாராவது இருந்தால் கையிலிருக்கும் போனில் பதிவு செய்யுங்கள். சயாமைப் பற்றிக் கேட்காதீர்கள், வாயை மூடிக்கொள்வார்கள். அப்போது என்ன சாப்பிட்டீர்கள், அப்பா எங்கே படுத்திருந்தார், யார் வீட்டு ஆம்பளை வரவில்லை என்று கேளுங்கள். தோட்டத்தின் பெயரையும் டிவிஷன் எண்ணையும் கண்டிப்பாகக் கேளுங்கள், தோட்டங்கள் பாதி இப்போது வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. பதிவை ஒன்றுக்கு இரண்டு இடத்தில் சேமித்து வையுங்கள். அரங்கின் வாசலில் மேசை போட்டு இரண்டு தம்பிகள் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறார்கள். தெரிந்த பெரியவர்களின் பெயரும் ஊரும் சொல்லிவிட்டுப் போங்கள், இந்தத் தம்பிகளே வந்து பதிவு செய்துகொள்வார்கள்.